அலைக்கு முன்பே வந்திருந்த அம்மை

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை சுனாமி. அடுத்த புதன்கிழமை, 29ஆம் தேதி, தமிழகக் கடற்கரையில் பாதிக்கப்பட்ட கிராமங்களில் குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போடும் வேலை தொடங்கிவிட்டது. பிணங்களை எடுத்து முடிக்காத நேரம் அது. கல்யாண மண்டபங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் கால் நீட்டிப் படுக்க இடமில்லாமல் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு நடுவில் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான பிள்ளைகளைத் தேடித் தேடி ஊசி போட்டார்கள். மறுநாள், 30ஆம் தேதி, கடலூர் மாவட்டத்திலிருந்து தகவல் வந்தது: குழந்தைகளுக்குத் தட்டம்மை கண்டிருக்கிறது.

கேட்டதும் யாருக்கும் தோன்றுவது ஒன்றுதான். அலை அடித்தது, முகாமில் அடைத்தார்கள், அம்மை பரவிவிட்டது. கச்சிதமாகப் பொருந்துகிற கதை. ஆனால் சென்னையிலுள்ள தேசிய நோய்த்தொற்றியல் நிலையத்தின் ஆய்வாளர்கள், எந்தக் குழந்தைக்கு எந்தத் தேதியில் நோய் கண்டது, எந்த ஊர், என்ன வயது, ஏற்கெனவே ஊசி போட்டிருந்ததா என்று திரட்டிப் பார்த்தபோது கதை வேறு மாதிரி இருந்தது. அதற்கு அப்புறம் வருகிறேன். அத்தனை அவலத்துக்கு நடுவில் தட்டம்மை ஊசிக்கு என்ன அப்படி அவசரம் என்ற கேள்வி முதலில் இருக்கிறது.

பேரிடர் என்றாலே நம் ஊரில் முதலில் வந்து இறங்குவது பிளீச்சிங் பவுடர். தெருவெல்லாம் வெள்ளையாகக் கொட்டுவார்கள். பிணங்களால் கொள்ளைநோய் வந்துவிடும் என்ற பயம்தான் காரணம். வெள்ளத்திலும் நிலநடுக்கத்திலும் செத்தவர்கள் நோயால் சாகவில்லை; அவர்களின் உடலிலிருந்து கொள்ளைநோய் கிளம்புவதில்லை. உலக சுகாதார நிறுவனம் இதை எத்தனை முறை சொன்னாலும் அந்தப் பயம் விடுவதாக இல்லை. உண்மையில் கவலைப்பட வேண்டியது, பிழைத்தவர்கள் ஒருவர் மூச்சை ஒருவர் வாங்கிக்கொண்டு ஒரே கூரையின் கீழ் படுத்திருப்பதைப் பற்றி. அகதி முகாம்களில் பல ஆண்டு பட்ட அனுபவத்திலிருந்து எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 1990களில் பத்து முன்னுரிமைகளை வரிசைப்படுத்தியது. முதலாவது, நிலைமையை மதிப்பிடுவது. இரண்டாவது, தட்டம்மைத் தடுப்பூசி. குடிநீர், உணவு, கூரை எல்லாம் அதற்குக் கீழேதான் வருகின்றன. தண்ணீரை விட ஊசி முக்கியம் என்று இதற்குப் பொருள் இல்லை, எல்லாமே ஒரே நேரத்தில் நடக்க வேண்டியவை. ஆனால் ஊசி மற்றவை முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

தட்டம்மை அளவுக்கு வேகமாகத் தொற்றும் நோய்கள் மிகக் குறைவு. தடுப்பாற்றலே இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குக் கொடுத்துவிடுவார். அவர் இருமிவிட்டு எழுந்து போன அறையின் காற்றில் இரண்டு மணி நேரம் வரை வைரஸ் தங்கியிருக்கும். ஊசி போடாத, முன்பு நோய் கண்டிராத பத்துப் பிள்ளைகள் நெருங்கிப் பழகினால் ஒன்பது பேருக்கு வந்துவிடும். அதனால்தான் இதைத் தடுத்து நிறுத்த, நூற்றில் 95 பேருக்காவது எதிர்ப்புச் சக்தி இருக்க வேண்டும் என்கிறார்கள். எண்பதோ எண்பத்தைந்தோ போதாது.

தமிழகத்தில் தட்டம்மை, மணல்வாரி என்பார்கள். இலங்கையில் சின்னமுத்து. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை சொருகியிருந்தால் வெளியாள் உள்ளே போக மாட்டார். வீட்டில் தாளிக்க மாட்டார்கள், விசேஷத்துக்குப் போக மாட்டார்கள், தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை பிள்ளை வீட்டுக்குள்ளேயேதான். இதைப் பக்தி என்று மட்டும் பார்க்கத் தேவையில்லை. ஊர் தானாகவே கண்டுபிடித்து வைத்திருந்த தனிமைப்படுத்தல் அது. ஆனால் அதற்கு ஒரு வாசல் வேண்டும். முந்நூறு குடும்பம் படுத்திருக்கும் மண்டபத்தில் வேப்பிலையை எங்கே சொருகுவது? தவிர, தட்டம்மை தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே தொற்றும். காய்ச்சலும் சளியும் சிவந்த கண்ணுமாக, சாதாரண ஜலதோஷம் மாதிரி இருக்கிற அந்த நாட்களில்தான் பிள்ளை எல்லார் மடியிலும் ஏறி இறங்கியிருக்கும். வேப்பிலை வரும்போது வேலை முடிந்திருக்கும்.

சரி, தொற்றட்டும்; எல்லாப் பிள்ளைக்கும் ஒரு காலத்தில் வந்து போனதுதானே என்று கேட்கலாம். வந்து போனது, பல பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டும் போனது. வசதியான நாட்டில், நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த குழந்தைகளிடையே ஆயிரத்துக்கு ஒருவர் முதல் மூவர் வரை இறக்கிறார்கள். 1985இல், பஞ்சத்துக்கும் போருக்கும் தப்பி எத்தியோப்பியாவிலிருந்து கிழக்கு சூடானுக்கு நடந்தே வந்து சேர்ந்தவர்களின் முகாம் ஒன்றில், தட்டம்மை என்று பதிவான நோயாளிகளில் ஏறக்குறைய 30 விழுக்காட்டினர் இறந்தார்கள். அங்கே ஆயிரத்துக்கு மூன்று, இங்கே நூற்றுக்கு முப்பது. வைரஸ் அதே வைரஸ்தான்.

இந்த நூறு மடங்கு எங்கிருந்து வருகிறது? பட்டினி என்பது உடனே வரும் பதில். அது பாதிப் பதில்தான். மீதிப் பாதியை வெளிக்கொண்டு வந்தவர் டென்மார்க் மானிடவியலாளர் பீட்டர் ஆபி. மேற்கு ஆப்பிரிக்காவின் கினி-பிசாவில் 1970களின் கடைசியில் தட்டம்மை பரவியபோது வீடு வீடாகக் கணக்கெடுத்தார். வெளியிலிருந்து நோயை வீட்டுக்குக் கொண்டுவந்த பிள்ளையைவிட, வீட்டுக்குள் அந்தப் பிள்ளையிடமிருந்து வாங்கிக்கொண்ட தம்பி தங்கைகளே அதிகம் இறந்தார்கள். தெருவில் போகிற போக்கில் பட்டால் கொஞ்சம் வைரஸ். ஒரே பாயில் இரவு பகலாகப் படுத்திருந்தால் நிறைய வைரஸ். எவ்வளவு நெருக்கமாக வாங்குகிறோமோ அவ்வளவு கடுமை. முகாம் என்பது ஊரையே ஒரே பாயில் படுக்கவைக்கும் ஏற்பாடு. பட்டினி இல்லாத முகாமிலும் தட்டம்மையை லேசாக எடுத்துக்கொள்ள முடியாததற்கு இது ஒரு காரணம்.

பட்டினியும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். தட்டம்மை உடலிலுள்ள வைட்டமின் ஏ இருப்பைத் துடைத்து எடுத்துவிடுகிறது. ஏற்கெனவே அது குறைவாக இருக்கும் குழந்தைக்குக் கருவிழி உலர்ந்து, புண்ணாகி, பார்வையே போகலாம். வாயெல்லாம் புண், சாப்பிடாது, பால் குடிக்காது. வயிற்றுப்போக்கு, அதன் மேல் நிமோனியா. இறப்புச் சான்றில் பெரும்பாலும் நிமோனியா என்றுதான் எழுதியிருக்கும். முகாம்களில் ஊசியோடு சேர்த்து வைட்டமின் ஏ சொட்டு ஊற்றுவது இதற்காக: ஒரு வயதுக்குள் இருந்தால் ஒரு லட்சம் யூனிட், அதற்கு மேல் ஐந்து வயது வரை இரண்டு லட்சம். மிகவும் மலிவான மருந்து. நோய் கண்டுவிட்ட பிள்ளைக்கும் இரண்டு நாள் அதைக் கொடுத்தாக வேண்டும்.

இன்னொரு கெடுதல் 2019இல்தான் தெளிவாகத் தெரிந்தது. தட்டம்மை, உடல் அதுவரை மற்ற நோய்களுக்கு எதிராகச் சேர்த்து வைத்திருந்த நினைவை அழித்துவிடுகிறது. நெதர்லாந்தில் ஊசி போடாத பிள்ளைகளின் ரத்தத்தை நோய்க்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிட்டபோது, பிற கிருமிகளுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை காணாமல் போயிருந்தது. அம்மை இறங்கி, தலைக்கு ஊற்றி, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த பிள்ளை மூன்று மாதம் கழித்து வேறெதிலோ போவது இப்படித்தான். அந்தச் சாவு தட்டம்மைக் கணக்கில் வராது.

கடலூருக்குத் திரும்புகிறேன்.

ஆய்வாளர்கள் எண்ணியது மொத்தம் 101 நோயாளிகளை. அலை அடித்த ஊர்களில் 71, அலை எட்டாத ஊர்களில் 30. முதல் எண் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் மக்கள்தொகையால் வகுத்தால் அலை அடித்த ஊர்களில் ஆயிரத்துக்கு 1.3, அடிக்காத ஊர்களில் 1.7. கடல் தொடாத ஊரில்தான் கொஞ்சம் அதிகம்! அடுத்தது தேதி. அலை அடித்த ஊர்களில் நோய் கண்டவர்களில் 42 விழுக்காட்டினருக்கு சுனாமிக்குப் பிந்தைய 14 நாட்களுக்குள்ளேயே நோய் தொடங்கியிருந்தது. தட்டம்மை உடலுக்குள் போய், தடிப்பாக வெளியே வர ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அப்படியானால் அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அலை வருவதற்கு முன்பே, தங்கள் சொந்த வீட்டில், சொந்தத் தெருவில் நோயை வாங்கிவிட்டார்கள். வைரஸின் மரபணுவைப் பார்த்தால் அது டி8 என்ற வகை, தமிழ்நாட்டில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தது. வெளியூரிலிருந்து நிவாரணத்துக்கு வந்தவர்கள் கொண்டுவந்தது என்று சொல்லவும் வழியில்லை. சுனாமிக்கும் தட்டம்மைக்கும் தொடர்பில்லை என்று 2006இல் எழுதி முடித்தார்கள்.

இதில் என்னை உறுத்துவது வேறொன்று. அந்தப் பகுதியில் ஒரு தவணை ஊசி போட்ட குழந்தைகள் நூற்றுக்கு 95க்கும் மேல். இந்தியாவின் பல மாநிலங்கள் அப்போது கனவு கூடக் கண்டிராத எண்ணிக்கை. பிறகு எப்படி நோய்?

கையால் போட்டுப் பார்க்கக் கூடிய கணக்குதான். ஒன்பது மாதத்தில் போடும் ஊசி நூற்றில் ஏறக்குறைய 85 குழந்தைகளுக்குத்தான் பலிக்கும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் மிச்சமிருந்து ஊசியின் வேலையைக் கெடுத்துவிடுவது ஒரு காரணம். ஓர் ஊரில் ஆண்டுக்கு நூறு குழந்தை பிறக்கிறது என்று வையுங்கள். 95 பேருக்கு ஊசி போட்டாயிற்று. அதில் 85 விழுக்காடு பலித்தால் 81 பேர் தப்பித்தார்கள். மீதி 19. இதில் ஐந்து பேர் ஊசியே போடாதவர்கள், பதினான்கு பேர் போட்டும் பலிக்காதவர்கள். இந்தப் பதினான்கு பேரின் அட்டையில் டிக் அடித்திருக்கும், அம்மாவும் நர்ஸும் நிம்மதியாக இருப்பார்கள். அடுத்த ஆண்டு இன்னொரு 19. ஐந்து ஆண்டில் 95 பேர், அதாவது ஏறத்தாழ ஓர் ஆண்டில் பிறக்கும் அத்தனை குழந்தைகளுக்கும் சமமான எண்ணிக்கை. அந்த அளவு சேர்ந்தால் நோய் வெடிக்கக் காத்திருக்கிறது என்பது தடுப்பூசித் திட்டக்காரர்கள் வைத்திருக்கும் வாய்ப்பாடு. யாரும் வேலையில் தவறவில்லை. இருந்தும் ஓட்டை விழுந்துகொண்டே இருந்தது.

முகாமில் வெடிக்கும் தட்டம்மையை நான் இப்படித்தான் பார்க்கிறேன். யாருக்கு நோய் வரும் என்பது பேரிடருக்கு முன்பே, அமைதியான ஆண்டுகளில் முடிவாகிவிடுகிறது. வந்தவர்களில் யார் சாவார்கள் என்பதைத்தான் முகாம் முடிவு செய்கிறது. கடலூரில் ஓட்டை சிறியது, பிள்ளைகள் ஓரளவு சாப்பிட்டு வளர்ந்தவர்கள், ஆஸ்பத்திரி பக்கத்தில். சூடானில் இந்த மூன்றுமே நேர்மாறு.

கடலூர்க் கணக்கில் இன்னும் ஒரு பாடம் ஒளிந்திருந்தது. அலை அடித்த ஊர்களின் நோயாளிகளில் 36 விழுக்காட்டினர் ஐந்து வயதைத் தாண்டியவர்கள். ஐந்து வயதோடு நிறுத்திய முகாம் ஊசி அவர்களைத் தொடவே இல்லை. இதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். மூன்றே நாளில் வேலையைத் தொடங்கியவர்களை உட்கார்ந்த இடத்திலிருந்து குறை சொல்வது எளிது. ஆனால் ஊசித் திட்டம் ஓரளவு நன்றாக ஓடும் ஊரில் இதுதான் நடக்கும். நோய் குறைவாகச் சுற்றுவதால், பலிக்காமல் போன பிள்ளைகள் நோயையும் சந்திக்காமலே ஆறு வயது, எட்டு வயது என்று வளர்ந்துவிடுகிறார்கள். கோடு ஐந்தில் கிழித்தால் அவர்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம்.

எத்தியோப்பியாவின் சோமாலி பகுதியிலுள்ள கோடே மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது நடந்த கணக்கெடுப்பிலும் இதே விஷயம், ஆனால் பயங்கரமான வடிவில். ஐந்து வயதுக்குட்பட்டோர் சாவுகளில் 22 விழுக்காடு தட்டம்மையால். ஐந்து முதல் பதினான்கு வயதுக்காரர்களின் சாவுகளிலும் ஏறக்குறைய 17 விழுக்காடு அதனால்தான். பஞ்சம் என்றதும் நிவாரண உணவு போய்ச் சேர்ந்தது. உணவு வழங்கும் மையங்களைத் தேடி ஜனங்கள் வந்து கூடினார்கள். ஊசி தாமதமாக வந்தது. உணவைக் காட்டி, ஊசி போடாத பிள்ளைகளை ஒரே இடத்தில் கூட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடத் துலக்கமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இப்போதைய வழிகாட்டுதல் ஆறு மாதம் முதல் பதினைந்து வயது வரை என்கிறது. மருந்து போதாவிட்டால் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு முதலில். முக்கியமான விஷயம், அட்டை கேட்கக் கூடாது. வீட்டையே கடல் கொண்டுபோனவர்களிடம் தடுப்பூசி அட்டை எங்கே இருக்கும்? ‘போட்டாச்சும்மா, ஒன்பது மாசத்துலயே போட்டாச்சு’ என்று அம்மா சொன்னாலும் இன்னொரு முறை போட்டுவிட வேண்டும். இரண்டாம் முறை போடுவதால் கெடுதல் ஏதும் இல்லை. அந்தப் பதினான்கு பேரில் ஒருவராக அந்தப் பிள்ளை இருக்கலாம்.

சொல்வது சுலபம். செய்வதைக் கிட்டே இருந்து பார்த்தால்தான் அதன் சள்ளை தெரியும். நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை ஊசி நாள். தட்டம்மை மருந்து குப்பிக்குள் உலர்ந்த தூளாக இருக்கும். மூடியின் மேல் ஒரு சின்ன வட்டம், அதற்குள் வெளிறிய சதுரம். குப்பி சூடு வாங்க வாங்கச் சதுரம் கருத்துக்கொண்டே போகும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் குப்பியைத் தூக்கி எறிய வேண்டியதுதான். தெர்மாமீட்டர் படிக்கத் தெரியாதவரும் பார்த்தவுடன் புரிந்துகொள்ளலாம், எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு. தூளைக் கரைக்க டைலூயன்ட் என்ற நீர் தனியாக வருகிறது. அதையும் குளிரவைத்துத்தான் கலக்க வேண்டும். கலந்தவுடன் நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்து குப்பியில் நேரத்தை எழுதுவார். இந்திய விதிப்படி நான்கு மணி நேரம், உலக சுகாதார நிறுவனத்தின் விதியில் அதிகபட்சம் ஆறு. அதற்குப் பிறகு எவ்வளவு மிச்சமிருந்தாலும் கொட்டிவிட வேண்டும். கலந்த மருந்தில் கிருமியைத் தடுக்கும் சரக்கு எதுவும் கிடையாது. வெயிலில் கிடந்தால் அதுவே கிருமிக்குத் தீனி.

கரண்ட் இல்லாத, ரோடு இல்லாத, நாற்பது டிகிரி வெயிலில் இதையே செய்ய வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். 2017 மே மாதம் தெற்கு சூடானின் கபோயெட்டா பகுதியில் ஒரு தட்டம்மைத் தடுப்பூசி முகாமில் நான்கு நாளும் ஒரே சிரிஞ்சை மாற்றாமல் பயன்படுத்தினார்கள், மருந்தைக் குளிரில் வைக்கவும் இல்லை. ஐந்து வயதுக்குட்பட்ட 15 குழந்தைகள் இறந்தார்கள். 2014 செப்டம்பரில் சிரியாவின் இத்லிப் பகுதியில் நடந்தது இன்னும் சிறிய தவறு. டைலூயன்ட் இருக்க வேண்டிய இடத்தில், அறுவை சிகிச்சைக்கு முன் தசையைத் தளர்த்தப் போடும் மருந்து இருந்தது. பார்க்க ஒரே மாதிரிக் குப்பிகள். அங்கேயும் 15 குழந்தைகள் அளவில் இறந்தார்கள். ஊசி வேலை அப்படியே நின்றுபோனது. இரண்டு இடத்திலும் தடுப்பு மருந்தின் மேல் தவறில்லை. அதைப் பிள்ளையை இழந்த வீட்டில் போய் யார் சொல்வது? நெருக்கடி நேரத்தில் ஊசி போடுவதற்கு வேகம் வேண்டும்தான்; ஆனால் ஒரு குப்பியில் செய்யும் அவசரம் ஒரு வட்டாரத்தையே பல ஆண்டுகளுக்கு ஊசியிலிருந்து விரட்டிவிடும். தமிழ்நாட்டில் கூட, போர் இல்லை, வெள்ளம் இல்லை, 2017 பிப்ரவரியில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடத் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் சுற்றிய புரளிகளே எத்தனை பெற்றோரைப் பள்ளிக்கூட வாசலிலிருந்து திருப்பி அனுப்பின என்பது நினைவிருக்கும்.

அதே 2017இல், ஆகஸ்ட் 25க்குப் பிறகு, மியான்மரின் ராக்கைனிலிருந்து வங்கதேசத்தின் காக்ஸ் பஜாருக்கு ரோஹிங்கியா மக்கள் வெள்ளமாக வந்தார்கள். சில மாதங்களில் ஏழு லட்சத்துக்கு மேல். மூன்று வாரம் கழித்து, செப்டம்பர் 16இல், தட்டம்மை-ரூபெல்லா ஊசி தொடங்கியது. முதல் சுற்றில் ஏறத்தாழ 1,35,000 பிள்ளைகள். தொடங்கும்போது மேலும் மேலும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். இன்று ஒரு மலைச்சரிவுக்கு ஊசி போட்டு முடித்தால், நாளை அங்கே புதிதாக நூறு தார்ப்பாய் முளைத்திருக்கும். நோய் நிற்கவில்லை. நவம்பரில் இன்னொரு சுற்று, மூன்றரை லட்சம் பிள்ளைகளுக்கு. எல்லையைக் கடந்து கால் வைக்கும் இடத்திலேயே ஊசி போடவும் ஏற்பாடு செய்தார்கள். போட்ட பிள்ளையின் விரலில் மை வைப்பது, நாம் ஓட்டுப் போடும்போது வைக்கிற மாதிரி. பெயர் பட்டியல் இல்லாத இடத்தில் மை தவிர வேறு ஆதாரம் கிடையாது.

இரண்டாம் சுற்றில் போட்ட எண்ணிக்கை இலக்கையே தாண்டிவிட்டது. நூற்றுக்கு நூற்றைந்து என்று வரும் சதவீதத்தைப் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாது. எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதே யாருக்கும் சரியாகத் தெரியாது என்றுதான் அதற்குப் பொருள். அந்த நவம்பரிலேயே முகாமில் தொண்டை அடைப்பான் பரவியது. பல நாடுகளில் இளம் டாக்டர்கள் கண்ணால் பார்த்திராத நோய். ராக்கைனில் அந்தக் குழந்தைகளுக்கு வழக்கமான ஊசிகள் எந்த அளவுக்குக் கிடைக்காமல் இருந்தன என்பதை எந்த அறிக்கையை விடவும் அது தெளிவாகச் சொன்னது. இங்கேயும் ஓட்டை எல்லையைத் தாண்டும் முன்பே விழுந்தது.

போர் நடக்கும் இடத்தில் ஊசி போடுவதற்கு இன்னொரு அனுமதி தேவைப்படுகிறது: துப்பாக்கி வைத்திருப்பவர்களின் அனுமதி. 1985இல் எல் சால்வடாரில் யுனிசெஃப் தலைவர் ஜேம்ஸ் கிரான்ட் அரசிடமும், கத்தோலிக்கத் திருச்சபை மூலம் கிளர்ச்சியாளர்களிடமும் பேசி மூன்று நாள் சண்டையை நிறுத்தவைத்தார். போலியோ, தட்டம்மை, முத்தடுப்பு ஊசிகளுக்காக. அமைதி நாட்கள் என்று பெயர். 1990களில் இலங்கையில் போலியோ சொட்டு மருந்துக்காக இதே மாதிரி ஏற்பாடு இருந்தது. போரின் நடுவிலும் அந்த ஒரு நாளுக்கு வடக்கிலும் கிழக்கிலும் சொட்டு மருந்து போனது. பெரியவர்கள் வேறு எதற்கும் ஒப்புக்கொள்ளாதபோது பிள்ளைகளின் ஊசிக்கு ஒப்புக்கொண்டது ஆச்சரியம்தான். எல்லாப் போரிலும் அப்படி நடப்பதில்லை.

காங்கோ ஜனநாயகக் குடியரசில் 2019இல் எபோலாவும் தட்டம்மையும் ஒன்றாகப் பரவின. உலகச் செய்திகளில் எபோலா. அந்த எபோலா கொன்றது ஏறத்தாழ 2,300 பேரை. தட்டம்மை 6,000 பேருக்கு மேல், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். எபோலாவுக்குப் புத்தம் புதிய தடுப்பூசி ஓடி வந்தது. தட்டம்மைக்கு 1963 முதல் ஊசி இருக்கிறது, விலையும் சொற்பம். பழைய நோய்க்குப் பரபரப்பு கிடையாது.

அப்புறம், சூடான் மறுபடியும். 2023 ஏப்ரலில் கார்ட்டூமில் சண்டை மூண்டது. மே மாத நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை, வெள்ளை நைல் மாகாணத்தின் ஒன்பது முகாம்களில் ஐந்து வயதுக்குட்பட்ட 1,200க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்துபோனதாக ஐ.நா. அகதிகள் முகமை அறிவித்தது. காரணம், தட்டம்மை என்று சந்தேகிக்கப்பட்ட நோயும் ஊட்டச்சத்துக் குறைவும். அங்கே இருந்தவர்கள் எத்தியோப்பியாவிலிருந்தும் தெற்கு சூடானிலிருந்தும் வந்த அகதிகள். 1985க்கும் அதற்கும் இடையில் 38 ஆண்டுகள். வைட்டமின் ஏ பற்றித் தெரியும், நிறம் மாறும் குப்பி இருக்கிறது, எந்த வயதுக்குப் போடுவது என்பது எழுதி வைத்திருக்கிறது.

இந்தியா கடலூருக்கு ஆறு ஆண்டு கழித்து, 2010இல், இரண்டாம் தவணையைக் கொண்டுவரத் தொடங்கியது. ஒன்பது மாதத்தில் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. முதல் தவணை பலிக்காத அந்தப் பதினான்கு பேரைப் பிடிக்கத்தான் இரண்டாவது. முகாமில் ஆறு மாதத்தில் போடும் ஊசி இந்த இரண்டு தவணைக் கணக்கில் சேராது. அந்த வயதில் பலிப்பது இன்னும் குறைவு என்பதால் அதைச் சுழியத் தவணை என்பார்கள். ஒன்பது மாதம் ஆனதும் திரும்ப வரச் சொல்லி அம்மா கையில் ஒரு புது அட்டையைக் கொடுப்பார்கள். மூன்று மாதம் கழித்து அந்தத் தேதி வரும்போது மண்டபத்தைக் கல்யாணத்துக்குத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள், பள்ளிக்கூடம் திறந்திருக்கும். அந்தக் குடும்பம் தகரக் கொட்டகைக்குப் போயிருக்கலாம், சொந்தக்காரர் ஊருக்குப் போயிருக்கலாம். அட்டையில் எழுதியிருப்பது பழைய முகாமின் பெயர்.